பாஸ்வேர்டு எந்த வழியாக வெளியே போகிறது?

போன மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி பஸ் ஏறி, காரைக்குடியில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். போனைக் கைக்குட்டையில் சுற்றி மஞ்சப்பைக்குள் வைத்திருந்தார். "தம்பி, பிரவுசர்ல ஓட்டை விழுந்திருச்சாம். அது வழியா பாஸ்வேர்டெல்லாம் போயிருதாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு. இதுல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுக் குடுத்துருங்க" என்றார். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசுவது, கரண்ட் பில் கட்டுவது, பாங்க் கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்தப் போனில்தான். அழித்துவிட்டால் கஷ்டம் அவருக்குத்தான்.

அதே வாரத்தில் ஒரு கல்லூரிப் பையன் வந்து, "அண்ணே, அக்கவுண்ட் ஹேக் ஆயிருச்சு" என்றான். விசாரித்தால், யாரோ அனுப்பிய லிங்கைத் தட்டி, போலிப் பக்கத்தில் அவனே பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்திருக்கிறான். அதில் பிரவுசர் ஒரு தப்பும் செய்யவில்லை.

பாஸ்வேர்டு போகிறது, போய்விட்டது என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள். ஆனால் ஒருவருக்கு இருந்தது பயம், இன்னொருவருக்கு நடந்தது ஏமாற்று. பிரவுசர் ஓட்டை என்பது இரண்டிலும் சேராத மூன்றாவது விஷயம். எது நடந்தது என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் வீண் அலைச்சல்தான் மிஞ்சும். அதனால் கணினி படிக்காதவர்களுக்கும் புரியும்படி இதைச் சொல்லிப் பார்க்கிறேன். உதாரணத்துக்கு வெளியே எங்கும் போக வேண்டாம், நம் ஊர் வீடே போதும்.

ஒரே கூரை, தனித்தனி அறை

செட்டிநாட்டு வீட்டுக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும். முகப்பைத் தாண்டினால் வானம் பார்த்த வளவு. வளவைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. அவருக்கு என்று ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. சீர் வந்த பாத்திரமும் நகையும் அதற்குள்தான் இருக்கும். வளவு எல்லாருக்கும் பொது. ஆனால் தம்பி அறைக்குள் என்ன இருக்கிறது என்று அண்ணன் திறந்து பார்ப்பது கிடையாது.

பிரவுசரும் இப்படி ஒரு வீடுதான். பிரவுசர் என்றால் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி. குரோம், சஃபாரி, பயர்பாக்ஸ் எல்லாம் பிரவுசர்கள். அதற்குள் ஒவ்வோர் இணையதளத்துக்கும் ஓர் அறை உண்டு. பாங்க் தளம் ஓர் அறையில், சினிமாச் செய்தித் தளம் அடுத்த அறையில்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையப் பக்கம் அச்சடித்த காகிதம் போலச் சும்மா கிடப்பதில்லை. அதோடு ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலும் வருகிறது. ஸ்கிரிப்ட் என்பது பக்கத்தோடு வந்து, நம் கணினிக்குள்ளேயே ஓடி வேலை செய்யும் கட்டளைகள். மெனு விரிவதும், நாம் அடிக்கும்போதே தேடல் சொற்கள் வந்து விழுவதும் இதனால்தான். அதாவது, நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் நம் வீட்டுக்குள் ஒரு வேலையாளைக் கூட்டிக்கொண்டு வருகிறது. சினிமாத் தளத்தோடு வந்த வேலையாள் பாங்க் அறைக்குள் எட்டிப் பார்க்காமல் யார் தடுப்பது?

பிரவுசர்தான் தடுக்கிறது. 1995இல் நெட்ஸ்கேப் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற ஸ்கிரிப்ட் மொழி வந்தபோது, அதை ஒட்டியே ஒரு விதியும் வந்தது: ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட், அதே தளத்தின் பொருளை மட்டுமே படிக்கலாம். இதற்கு ஒரே மூலக் கொள்கை என்று பெயர். மூலம் என்பது முகவரியின் மூன்று பகுதிகள் சேர்ந்தது: தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் (தகவலை மறைத்து அனுப்பும் முறை), தளத்தின் பெயர், போர்ட் எனப்படும் வாசல் எண். மூன்றில் ஒன்று மாறினாலும் அது வேறு அறை. இணையத்தில் நாம் பாங்க் வேலை பார்ப்பதே இந்த ஒரு விதியை நம்பித்தான்.

டோக்கன் வைத்திருப்பவர்தான் செருப்புக்குச் சொந்தக்காரர்

அடுத்து, பாஸ்வேர்டு. பாங்க் தளத்தில் ஒரு தடவை பாஸ்வேர்டை அடித்து உள்ளே போகிறோம். அப்புறம் பத்துப் பக்கம் மாறினாலும் அது மறுபடி கேட்பதில்லை. ஏன்?

பிள்ளையார்பட்டிக்குக் கூட்ட நாளில் போகிறீர்கள் என்று வையுங்கள். வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருகிறார்கள். சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் செருப்பு கைக்கு வரும். அங்கே இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பெயரைக் கேட்பதில்லை. டோக்கன் கீழே விழுந்து வேறு யாராவது எடுத்து நீட்டினால், அவருக்கும் அதே மரியாதையோடு உங்கள் செருப்பை எடுத்துக் கொடுப்பார்.

இணையத்தில் இந்த டோக்கனுக்குப் பெயர் குக்கீ. தளம் நம் பிரவுசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பு அது. 1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மான்டுல்லி கொண்டுவந்தது. இணையத் தளங்களுக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. அடுத்தடுத்த பக்கத்தைக் கேட்பது ஒரே ஆள்தான் என்று அதற்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் குக்கீ. உள்ளே போனதிலிருந்து வெளியேறும் வரை அந்த டோக்கன் செல்லுபடியாகும் காலத்தை செஷன் என்பார்கள்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. செஷன் டோக்கனைத் திருடியவனுக்கு உங்கள் பாஸ்வேர்டு தேவையே இல்லை. ஓடிபி வரும் கட்டத்தையும் நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள், அவன் நேராக உள்ளே வந்துவிடுவான். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற பயர்பாக்ஸ் துணைச் செயலியை வெளியிட்டு இதைக் கண்முன் காட்டினார். பூட்டில்லாத வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் திறந்து வைத்திருந்த கணக்குகள் பெயரோடும் படத்தோடும் வரிசையாக வந்தன. தட்டினால் அவர் கணக்குக்குள் போய்விடலாம். அப்போது பெரிய தளங்கள்கூட, பாஸ்வேர்டை அடிக்கும் பக்கத்தை மட்டும் எச்டிடிபிஎஸ் வழியாக மறைத்து அனுப்பிவிட்டு, டோக்கனைத் திறந்தபடி தெருவில் அனுப்பிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் முழுத் தளத்தையும் எச்டிடிபிஎஸ்க்கு மாற்றும் வேலை வேகம் பிடித்தது.

இதுவரை பார்த்தது: தளத்துக்குத் தளம் அறை வேறு, நடுவில் சுவர் இருக்கிறது. உள்ளே போகச் சாவி பாஸ்வேர்டு, போன பிறகு கையில் இருப்பது டோக்கன். இரண்டில் எது போனாலும் கணக்கு போகும்.

சுவரில் விழும் ஓட்டை

பிரவுசர் ஓட்டை என்றால், யாரோ உங்கள் பாஸ்வேர்டை எட்டிப் பார்ப்பது போல ஒரு படம் மனசில் வரும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கேட்பது யார் என்பதில் பிரவுசர் ஏமாந்துபோகிறது, அதுதான் ஓட்டை. வேற்று அறை வேலையாளை வீட்டு ஆள் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறது.

2014இல் பழைய ஆண்ட்ராய்டு போன்களோடு வந்த பிரவுசரில் அப்படி ஓர் ஓட்டையைப் பாகிஸ்தானைச் சேர்ந்த ராஃபே பலோச் கண்டுபிடித்தார். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். வேற்றுத் தளத்தின் அறையில் போய் ஸ்கிரிப்டை ஓட்டு என்று ஒரு பக்கம் கேட்டால், பிரவுசரின் காவலாள் மறிக்க வேண்டும். கட்டளை "ஜாவாஸ்கிரிப்ட்" என்ற சொல்லில் தொடங்குகிறதா என்று பார்த்துத்தான் அவர் மறிப்பார். பலோச் அந்தச் சொல்லுக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒற்றை எழுத்தைச் சேர்த்தார். கணினியில் அதற்கு வெற்று எழுத்து என்று பெயர், மதிப்பு பூஜ்யம். காவலாள் பார்த்தார். கட்டளை அந்தச் சொல்லில் தொடங்கவில்லை, "இது வேறு ஏதோ" என்று விட்டுவிட்டார். உள்ளே கட்டளையை நிறைவேற்றுபவரோ அந்த வெற்று எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தள்ளிவிட்டு, மிச்சத்தைப் படித்து ஓட்டிவிட்டார். சோதிப்பவரும் செய்பவரும் ஒரே சொல்லை இரண்டு விதமாகப் படித்ததுதான் கோளாறு. விளைவு, ஒரு கெட்ட பக்கத்தைத் திறந்தால், அடுத்த டேபில் திறந்திருக்கும் மெயிலை அது படிக்கலாம், டோக்கனையும் எடுக்கலாம்.

இது முக்கியமாக ஆண்ட்ராய்டு 4.4க்கு முந்தைய பதிப்புகளின் பிரச்சினை. ஓட்டையை அடைப்பதைவிட, அடைத்ததைப் பழைய போன்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

எல்லா ஓட்டையும் இவ்வளவு பெரிதல்ல. 2022 ஜனவரியில் சஃபாரி 15இல் ஒன்று வெளியே தெரிந்தது. தளங்கள் பிரவுசருக்குள் வைத்துக்கொள்ளும் சேமிப்புப் பெட்டிகளின் பெயர்கள் மற்றத் தளங்களின் கண்ணில் பட்டன. பெட்டிக்குள் இருப்பது தெரியவில்லை, வெளியே ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் தெரிந்தது. ஆனால் கூகுள் தளங்கள் அந்தச் சீட்டிலேயே பயனரின் அடையாள எண்ணை எழுதி வைத்திருந்ததால், ஆள் யார் என்று ஊகிக்க வழி இருந்தது. பாஸ்வேர்டு போகவில்லை. அதே மாதம் 15.3 பதிப்பில் சரிசெய்தார்கள். "சஃபாரியில் தகவல் கசிவு" என்று படித்தவுடன் பாஸ்வேர்டு போய்விட்டதாக நினைக்கத் தேவையில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். என்ன கசிந்தது என்று கேட்டுப் பழக வேண்டும்.

இன்னொன்று, 2018 ஜனவரியில் வந்த ஸ்பெக்டர். அது பிரவுசரின் தப்பே இல்லை. கணினியின் இதயமான பிராசசரில் இருந்த கோளாறு. ஆனால் வினை பிரவுசருக்கும் வந்தது. அறை தனித்தனி என்றாலும் அதுவரை பல தளங்களுக்கு அடுப்படி ஒன்றாகத்தான் இருந்தது. பல தளங்களின் பக்கங்களை ஒரே நினைவகத்தில் வைத்து வேலை செய்தார்கள். அந்தப் பொது நினைவகத்தில் ஒருவர் வைத்ததை இன்னொருவர் மெல்ல மெல்ல ஊகித்துவிடலாம் என்று ஆனது. அந்த ஆண்டே குரோம் 67ஆம் பதிப்பில், கணினிகளில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி நினைவகம் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் கணக்கில், மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் தனி அடுப்பும் தனிச் சாமானும் கொடுத்து வேறு வைப்பார்களே, அதேதான்.

சாவியைத் தப்பான கையில் கொடுக்கும் கணக்குப்பிள்ளை

சுவர் ஒழுங்காக இருந்தாலும் பாஸ்வேர்டு போக இன்னொரு வழி இருக்கிறது. இதைத்தான் நான் மிக அவசியமாகச் சொல்ல நினைத்தேன்.

பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும். சரி என்றால் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அந்தத் தளம் வந்ததும் தானே நிரப்பிவிடும். இந்தப் பகுதிக்குப் பாஸ்வேர்டு மேனேஜர் என்று பெயர். வீட்டின் எல்லாச் சாவியையும் ஒப்படைத்து வைத்திருக்கும் பழைய கணக்குப்பிள்ளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாணயமானவர். "இந்த வீட்டுக்குள் வைத்துச் சாவி கேட்டால் கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறோம். அதை அட்சரம் பிசகாமல் செய்கிறார்.

2006இல் அந்தச் சொல்லிலேயே ஒரு சந்து இருந்தது தெரிந்தது. மைஸ்பேஸ் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் தன் பக்கத்தை விருப்பம்போல அலங்கரித்துக்கொள்ளலாம். ஒருவர் தன் பக்கத்திலேயே, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் போலிக் கட்டம் ஒன்றைக் கட்டினார். பக்கத்தின் முகவரி மைஸ்பேஸ்தான். ஆனால் கட்டத்தில் நிரப்பியது போய்ச் சேரும் இடம் வேறு. பயர்பாக்ஸ் 2இன் பாஸ்வேர்டு மேனேஜர், "இது மைஸ்பேஸ், சாவி என்னிடம் இருக்கிறது" என்று தானே நிரப்பிவிட்டது. கேட்கும் இடத்தைப் பார்த்தது, கொண்டுபோகும் இடத்தைப் பார்க்கவில்லை. ராபர்ட் சேப்பின் என்பவர் அந்த நவம்பரில் இதை வெளியே சொன்னார்.

நம் வீட்டு விசேஷத்துக்கு வந்த ஒருவர் வளவிலேயே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சாவியை இந்தத் தட்டில் வையுங்கள்" என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்கிறார். வீடு நம் வீடு, அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தட்டு நேராகக் கொல்லை வாசல் வழியே அடுத்த தெருவுக்குப் போகிறது.

இந்தப் பிரச்சினை 2006ஓடு முடியவில்லை. 2017 டிசம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். சில விளம்பர நிறுவனங்களின் ஸ்கிரிப்டுகள், கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பிரவுசர் அதில் தானே நிரப்பும் மின்னஞ்சல் முகவரியை எடுத்துக்கொண்டிருந்தன. முதல் பத்து லட்சம் தளங்களில் 1,110 தளங்களில் இந்த ஸ்கிரிப்டுகள் இருந்தன. எடுத்தது முகவரியை மட்டும்தான், பாஸ்வேர்டை இல்லை. ஆட்களைப் பின்தொடர அதுவே அவர்களுக்குப் போதும். ஆனால் முகவரி விழுந்த அதே வழியில் பாஸ்வேர்டும் விழும்.

இதைக் கேட்டவுடன், "அப்ப பிரவுசர்ல பாஸ்வேர்டே வைக்கக் கூடாது" என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கல்லூரிப் பையனின் பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு மேனேஜரில் இருந்திருந்தால், போலிப் பக்கத்தில் அது தானாக நிரம்பியிருக்காது. நம் கண் ஓரெழுத்து மாறிய பெயரைச் சரியான பெயராகவே படித்துவிடும். கணக்குப்பிள்ளை எழுத்துக்கூட்டிப் பார்ப்பார். தினமும் நம்மைச் சுற்றி நடப்பது போலிப் பக்க ஏமாற்றுதான். அதிலிருந்து காப்பாற்றுகிறவரை, எப்போதோ ஒரு தடவை நடக்கும் தப்புக்காக வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது. தானாக நிரப்புவதை மட்டும் நிறுத்திவிட்டு, நாம் தொட்டுச் சொன்னால் நிரப்பும்படி வைக்கலாம். பயர்பாக்ஸில் அதற்கு அமைப்பு இருக்கிறது.

சுருக்கமாக, ஓட்டையில் இரண்டு வகை. சுவரில் விழுவது ஒன்று, சாவியைத் தப்பான கையில் கொடுப்பது இன்னொன்று. இரண்டிலும் ஏமாந்தது பிரவுசர். அடைக்க வேண்டியவர்களும் பிரவுசரைச் செய்தவர்கள்தான். நாம் செய்ய வேண்டியது, அவர்கள் அடைத்த பதிப்பை வாங்கிப் போட்டுக்கொள்வது.

பிரவுசர் மேல் பழி போடக் கூடாதவை

மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவதற்குப் பதில், "வருகிறவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுக்கவும்" என்று ஒருவர் எழுதிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நோட்டைப் படிப்பவர் அதை வீட்டுக்காரரின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டால்? இணையதளங்களில் இது அடிக்கடி நடக்கிறது. கருத்து எழுதும் இடத்தில் ஒருவர் ஸ்கிரிப்டை எழுதுகிறார், தளம் அதைச் சலிக்காமல் அப்படியே பக்கத்தில் போட்டுவிடுகிறது. பிரவுசருக்கு அது அந்தத் தளத்தின் சொந்த ஸ்கிரிப்டாகத்தான் தெரியும். இதற்கு எக்ஸ்.எஸ்.எஸ். என்று பெயர். 2005 அக்டோபரில் சாமி காம்கர் என்ற இளைஞர் மைஸ்பேஸில் இப்படி விட்ட ஸ்கிரிப்ட், ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பக்கங்களில் பரவியது. இங்கே தப்பு தளத்தினுடையது.

நம் கணினிக்குள்ளேயே நாம் இறக்கிக்கொள்ளும் திருட்டு மென்பொருள் வேறு கதை. அது சுவர் ஏறிக் குதிப்பதில்லை, நாமே முகப்பைத் திறந்து விட்டிருக்கிறோம். இலவசம் என்று இறக்கிய கேம், கிராக் போட்ட மென்பொருள் இவற்றோடு வந்து, பிரவுசரின் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகும்.

முகவரிப் பக்கத்தில் இருக்கும் பூட்டுப் படத்தைப் பார்த்து நம்புவதும் தப்பு. போகும் வழி பத்திரம் என்பது மட்டும்தான் அதன் பொருள். போய்ச் சேரும் இடம் யாருடையது என்று அது சொல்லாது. போலித் தளத்துக்கும் அந்தப் பூட்டு கிடைக்கும். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023இல் குரோம் அந்தப் படத்தை எடுத்துவிட்டது.

ஆச்சியின் போனில் என்ன செய்தோம்

எதையும் அழிக்கவில்லை. முதலில் அப்டேட் பார்த்தேன். பிரவுசர் பல மாதமாகப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. காரணம், போனில் இடமில்லை, காலை வணக்கப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு பிரவுசரையும் போனையும் புதுப்பித்தேன். ஓட்டை பற்றிய செய்தி ஊருக்குள் வருவதற்கு முன்பே, அநேகமாக அதை அடைத்த அப்டேட் வந்திருக்கும். வாங்கிப் போடாமல் இருப்பதுதான் ஆபத்து.

அடுத்து அவர் மெயில் கணக்கில், எந்தெந்தச் சாதனங்களில் அது திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தோம். தெரியாத ஒரு கணினி இருந்தது. யோசித்துவிட்டு, "சித்திரையில டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஒரு சென்டருக்குப் போனேன், தம்பி" என்றார். அங்கே திறந்த கணக்கை யாரும் மூடவில்லை. பட்டியலிலிருந்து அதை வெளியேற்றினேன். பாஸ்வேர்டையும் மாற்றினோம். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் எல்லாத் தளத்திலும் பழைய டோக்கன் செத்துவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டையும் செய்வதுதான் முறை.

"அப்ப அங்க இருக்கிற டோக்கன் இனிமே செல்லாது, அப்படித்தானே?" என்றார். செல்லாது என்றேன்.

போனை மறுபடி கைக்குட்டையில் சுற்றும்போது இன்னொன்று கேட்டார். மகன் முன்பு வாங்கிக் கொடுத்த டேப்லெட் ஒன்று வீட்டு அலமாரியில் கிடக்கிறதாம், அதை என்ன செய்வது என்று. எடுத்து வரச் சொன்னேன். அடுத்த வாரம் கொண்டுவந்தார். சார்ஜ் போட்டதும் உயிர் வந்தது. ஆண்ட்ராய்டு 4.2. மெயில் கணக்கு அதில் அப்படியே பதிந்து கிடந்தது. அவர் பார்க்கப் பார்க்கவே கணக்கை நீக்கிவிட்டு, டேப்லெட்டை முழுதாக அழித்துக் கையில் கொடுத்தேன்.